கிளியர் அலைனர் போட்டால் தாடை எலும்பு கரைந்துவிடுமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 36. முன்பற்களின் நெரிசலைச் சரிசெய்யக் கிளியர் அலைனர், அதாவது பற்களின் மீது கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை, போடத் தொடங்கி 4 மாதங்கள் ஆகின்றன. இப்போது கீழ் முன்பற்கள் விரலால் தொட்டால் லேசாக ஆடுகின்றன. எலும்பு கரையாமல் பல் நகராது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, பற்களும் தாடை எலும்பும் நிரந்தரமாகப் பலவீனப்பட்டுவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. கம்பி போட்டிருந்தால் பாதிப்பு குறைவாக இருந்திருக்குமா என்றும் கேட்கிறார். பல் சீரமைப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உறவினர் சொன்னது பொய்யன்று. எலும்பு கரையாமல் பல் நகராது; ஆனால் எதிர்ப்புறத்தில் புது எலும்பு வளராமல் அது புதிய இடத்தில் நிலைக்கவும் செய்யாது என்ற மறுபாதியை அவர் விட்டுவிட்டார். ஒருபுறம் கரைதலும் மறுபுறம் வளர்தலும் சேர்ந்தே பல்லை நகர்த்துகின்றன. ஆகையால் எலும்பில் மாற்றம் ஏற்படுகிறது என்ற செய்தியைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. அஞ்சுவதாக இருந்தால் வேறொன்றைக் குறித்து அஞ்சலாம்: பல்லின் வேர் எந்த இடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறதோ, அந்த இடத்தில் அதைச் சூழ்ந்து நிற்கப் போதுமான எலும்பு இருக்கிறதா என்பது. அலைனரா கம்பியா என்பதைவிட இந்தக் கேள்விதான் எலும்பின் கதியைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முதலில் பல் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். பல் எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் அதைத் தாங்கும் பற்குழி எலும்புக்கும் நடுவில், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலத்தில், நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த ஒரு நார்ப்படலம் இருக்கிறது. புதிய அலைனரை அழுத்திப் போட்டவுடன் அது பல்லைத் தள்ளுகிறது. தள்ளப்படும் பக்கத்தில் நார்ப்படலம் நசுங்கி இரத்த ஓட்டம் குறைகிறது, எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. முதல் இரவில் தெரியும் இறுக்கமும் கடித்தால் வரும் வலியும் இந்த நசுக்கலின் விளைவே. சில மணி நேரத்துக்குள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் சுரக்கின்றன. விசை மென்மையாக இருந்தால் ஏறத்தாழ 2 நாட்களில் ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பரிக்கும் செல்கள் நசுங்கிய பக்கத்தில் வேலையைத் தொடங்குகின்றன. இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிய எலும்பின் மென்மையான அடித்தளத்தைப் படிய வைக்கின்றன. அது கால்சியம் ஏறிக் கெட்டிப்பட வாரங்களும் மாதங்களும் பிடிக்கும்.

விசை அளவுக்கு மிஞ்சினால் கதை மாறுகிறது. நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் அறவே நின்று அங்குள்ள செல்கள் மடிகின்றன. அந்த இடத்துக்கு நேராக எலும்பரிக்கும் செல்கள் வர முடியாமல், எலும்பின் உட்புறத்திலிருந்து அரித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இதனால் பல் ஓரிரு வாரங்களுக்கு அசையாமல் நின்று, பிறகு திடீரென்று நகரும். வேரும் இச்சூழலில்தான் அதிகம் அரிபடுகிறது. நாய்களின் பற்களை நகர்த்தி, அந்தத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் 1904-இலேயே இவ்வகை மாற்றங்களை விவரித்திருக்கிறார். நுண் இரத்தக் குழாய்களின் அழுத்தத்தைத் தாண்டாத விசையே, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் வேர்ப்பரப்புக்கு 20 முதல் 26 கிராம் அளவே, உகந்தது என்று ஆஸ்திரியாவின் ஷ்வார்ட்ஸ் 1932-இல் முன்வைத்தார். அந்த எண்ணை அப்படியே இன்று யாரும் பின்பற்றுவதில்லை என்றாலும், மென்மையான விசையே நல்ல விசை என்ற அதன் சாரம் இன்றும் நிற்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் அலைனரின் வடிவமைப்பு எளிதாகப் புரியும். ஒவ்வோர் அலைனரும் ஒரு பல்லை அதிகபட்சம் கால் மில்லிமீட்டர் அளவுக்கே நகர்த்துமாறு திட்டமிடப்படுகிறது. அதாவது, மேலே சொன்ன நார்ப்படலத்தின் அகலத்துக்குள் அடங்கும் நகர்வு. முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் வாயின் சூட்டிலும் ஈரத்திலும் விரைவாகத் தளர்ந்துவிடுவதால், போட்ட முதல் நாளுக்குப் பிறகு அதன் விசை கணிசமாகக் குறைந்துவிடுகிறது. சாப்பிடும்போது கழற்றுவதால் திசுவுக்கு இடையிடையே ஓய்வும் கிடைக்கிறது. இவை வேருக்கு நன்மை செய்பவை என்று கருதக் காரணமிருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டியதை 14 மணி நேரம் போட்டுவிட்டு, அடுத்த அலைனருக்கு மாறுகிறவருக்கு இந்த நன்மை கிட்டாது. முந்தைய அலைனரின் பாக்கியும் புதியதின் பங்கும் சேர்ந்து ஒரே பல்லின் மீது விழுவதோடு, பல் முன்னும் பின்னும் ஊசலாடுவதும் சேர்ந்துகொள்கிறது.

பல் ஆடுவதைப் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். எலும்பு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் நார்ப்படலத்தின் அகலம் கூடுகிறது, நார்களும் அவிழ்ந்து மறுபடி கோக்கப்படுகின்றன. ஆகவே லேசான ஆட்டம் எதிர்பார்க்கப்படுவதுதான். சிகிச்சை நின்றபின் சில மாதங்களில் பெரும்பாலும் அது அடங்கிவிடும். கீழ் முன்பற்களின் வேர் மெல்லியது என்பதால் அங்கே ஆட்டம் சற்றுக் கூடுதலாகவே தெரியும். பல் மேலும் கீழுமாக அழுந்தினாலும், ஆட்டம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனாலும், ஈற்றிலிருந்து சீழோ இரத்தமோ வந்தாலும், ஒரு பல்லின் நிறம் மட்டும் கறுத்தாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே காட்ட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு, அது பலமுறை கவனிக்கப்படாமலே போகிறது: நகர்ந்துகொண்டிருக்கும் பல் வாயை மூடும்போது எதிர்ப்பல்லில் மற்றவற்றுக்கு முன்பாக இடித்தால், அந்த இடியே ஆட்டத்தை வளர்க்கும். கடியைச் சரிபார்க்கும் நிறத்தாளை வைத்துச் சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது வேர். பல் சீரமைப்பில் எந்த முறையானாலும் வேரின் நுனி சிறிதளவு மழுங்குவது வழக்கம். பெரும்பாலோரிடம் அது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, எக்ஸ்ரேயில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும். வேரின் மூன்றில் ஒரு பங்குவரை குறைந்துபோகும் கடுமையான நிலை நூற்றில் சிலருக்கே ஏற்படுகிறது. மேல் முன்பற்களே அதிகம் பாதிக்கப்படுபவை. முன்பு அடிபட்ட பல், நுனி கூர்மையாகவோ வளைந்தோ இருக்கும் வேர், நீண்ட காலம் இழுத்துச் செல்லும் சிகிச்சை, வேர்நுனி நெடுந்தூரம் நகர வேண்டிய நிலை, பரம்பரைத் தன்மை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. அலைனரில் வேர் தேய்வதே இல்லை என்று தொடக்க காலத்தில் பேசப்பட்டதுண்டு, அது சரியன்று. கம்பியோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் அலைனரில் தேய்மானம் குறைவாகவோ சமமாகவோ காணப்பட்டிருக்கிறது என்பதே சரியான கூற்று. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை: எளிய நெரிசல்களுக்கே அலைனர் அதிகம் பயன்பட்டு வந்ததால், வேர்கள் நகர்ந்த தூரமும் குறைவாக இருந்திருக்கும், அந்தக் குறைவை முழுதும் பிளாஸ்டிக்கின் புகழாகக் கொள்ளக் கூடாது.

வேர் தேய்ந்தால் என்ன ஆகும்? விசை நின்றவுடன் தேய்மானமும் நிற்கிறது; வேரின் பக்கங்களில் ஏற்பட்ட சிறு குழிகள் வேரை மூடியிருக்கும் சிமெண்டம் என்ற கடினத் திசு புதிதாகப் படிந்து ஆறுகின்றன, ஆனால் நுனியில் இழந்த நீளம் திரும்பாது. வேர் கூம்பு வடிவில் இருப்பதால் பல்லைப் பிடித்து நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி நுனியில் இல்லை, கழுத்துப் பக்கத்தில் இருக்கிறது. நுனியில் 3 மில்லிமீட்டர் இழப்பது, பல்லைப் பிடித்திருக்கும் பரப்பளவில், ஈறு நோயால் கழுத்தருகே எலும்பை 1 மில்லிமீட்டர் இழப்பதற்கு ஏறக்குறைய ஈடாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஈறும் எலும்பும் நலமாக இருக்கும் ஒருவருக்கு, சற்றே மழுங்கிய வேரால் பல் விழுந்துவிடாது. செய்ய வேண்டியது, தொடங்குமுன் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்தி, ஏறத்தாழ 6 முதல் 12 மாதங்களுக்குள் மீண்டும் ஒன்று எடுத்து ஒப்பிடுவது. தேய்மானம் தெரிந்தால் 2, 3 மாதங்கள் நகர்வை நிறுத்தி ஓய்வு கொடுத்துவிட்டு, மீதித் திட்டத்தைச் சுருக்கிக்கொள்வதுதான் வழக்கம்.

இனி எலும்பு. என் பார்வையில் இந்தப் பதிலின் முக்கியப் பகுதி இதுதான்.

சிகிச்சை தொடங்குமுன் கணினித் திரையில் காட்டப்படும் அசைபடத்தை நினைத்துப் பாருங்கள். கோணல்மாணலான பற்கள் வழுக்கிக்கொண்டு வரிசைக்கு வருகின்றன, இளஞ்சிவப்பு ஈறு அவற்றோடு அழகாக நகர்கிறது. அதில் தெரிவது வாய் ஸ்கேனில் பதிவான பல்லின் மேற்பகுதி மட்டுமே. வேரோ எலும்போ அந்த ஸ்கேனில் இல்லை; மென்பொருள் வேர்களைக் காட்டினாலும், வேரையும் எலும்பையும் முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. ஸ்கேனை அதோடு இணைக்காதவரை அவை சராசரி அளவில் வரைந்த ஊகங்களே. திரையில் எலும்புக்கு வெளியே பல்லைக் கொண்டுபோனாலும் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காமல் போகலாம்.

கீழ் முன்பற்களின் வேரைச் சி.டி. குறுக்குவெட்டில் பார்த்தால் உதட்டுப் பக்கத்து எலும்பு மிக மெல்லியதாக, பல இடங்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். சில வேர்களில் அந்த வெண்கோடு இடையிலேயே அறுந்து நிற்கும். சிகிச்சையே தொடங்காத வாய்களிலும் இது உண்டு. நெரிசலான பற்களை வரிசைப்படுத்த இடம் வேண்டும். அந்த இடத்துக்காக முன்பற்களை உதட்டுப் பக்கம் சாய்த்தால், மெல்லிய அந்தச் சுவர் மேலும் இறங்கி, வேரின் கழுத்துப் பகுதி எலும்பின்றி நிற்க நேரலாம். ஈறு மெல்லியதாக உள்ளவருக்கு மாதங்கள் கழித்து அது ஈறு இறக்கமாக வெளியே தெரியும். பின்பற்களை விரிப்பதிலும் இதே கதைதான். அலைனரால் கிடைக்கும் விரிவில் பெரும்பகுதி பல் வெளிப்புறமாகச் சாய்வதால் வருவது; எலும்பு அகலமாவதால் வருவதில்லை. வளர்ச்சி முடிந்த ஒருவரின் மேல் தாடை நடுப்பொருத்தைப் பிளந்து விரிக்கும் வலு பிளாஸ்டிக் உறைக்குக் கிடையாது. தாடையின் நீளமோ அகலமோ அலைனரால் மாறிவிடும் என்று வயது வந்தவர் நம்பவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். தாடையின் அமைப்பே சீரற்று இருந்தால் அதற்கு அறுவை சிகிச்சை உள்ளிட்ட வேறு வழிகளைப் பேச வேண்டியிருக்கும்.

ஆனால் சி.டி. படத்தில் எலும்பு தெரியவில்லை என்றதும் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. ஸ்கேனின் நுண்துல்லியத்துக்கும் குறைவான தடிமனுள்ள எலும்பு படத்தில் விழாமல் போகலாம். அதோடு, நகர்வு நடக்கும் காலத்தில் புதிதாகப் படிந்த எலும்பு இன்னும் கால்சியம் ஏறாமல் இருப்பதால் கருமையாகவே தெரியும். சிகிச்சை முடிந்த கையோடு எடுத்த படத்தையும் ஓராண்டு கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் ஓரளவு மீட்சி தெரிவதுண்டு. இருந்தாலும் வேரை எலும்புக்கு வெளியே தள்ளிய இடத்தில் காத்திருந்தால் சரியாகிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இடத்தை எப்படி உண்டாக்குவது என்ற முடிவு அவ்வளவு முக்கியம்: விரிப்பதா, பற்களின் இடையே எனாமலைச் சற்று ராவுவதா, ஒரு பல்லை எடுப்பதா. பல்லை எடுக்காமலே முடித்துவிடலாம் என்ற வாக்குறுதி காதுக்கு இனிமையானது. எலும்பு மெல்லியவருக்கு அது எப்போதும் பாதுகாப்பான வழியன்று.

எனாமல் ராவுவதைக் குறித்தும் பலர் கலங்குகிறார்கள். இரு பற்கள் சந்திக்கும் ஓர் இடத்தில் மொத்தம் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை எடுப்பது வழக்கம். அது இரு பற்களுக்கும் பகிரப்படுவதால் ஒரு பல் இழப்பது அதிகபட்சம் கால் மில்லிமீட்டர். ராவிய பரப்பை நன்கு மெருகேற்றிவிட்டால் சொத்தை கூடுவதாகத் தெரியவில்லை. பல் மீது ஒட்டும் அட்டாச்மென்ட் எனும் சிறு புள்ளிகளைக் கடைசியில் எடுக்கும்போது அவசரப்பட்டால் எனாமல் கீறப்படலாம். இவற்றையெல்லாம்விட எனாமலுக்குப் பெரிய எதிரி, அலைனரைக் கழற்றாமலே இனிப்புப் பானம் குடிப்பது. உறைக்குள் புகுந்த சர்க்கரையை உமிழ்நீரால் கழுவ முடியாது. அது மணிக்கணக்கில் பல்லை நனைத்துக்கொண்டே இருக்கும். போட்டுக்கொண்டு குடிக்க ஏற்றது வெறும் தண்ணீர் மட்டும்.

திட்டமிட்டதும் நடந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009-இல் வெளியான ஓர் அளவீட்டில், திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 41 விழுக்காடே வாயில் கிடைத்தது; மேம்பட்ட பொருட்களோடு 2020-இல் மீண்டும் அளந்தபோது அது 50 விழுக்காடு. கோரைப்பல்லைத் திருப்புவதும் முன்பல்லை வெளியே இழுத்து நீட்டுவதும் அலைனருக்குக் கடினமானவை. கண்ணாடியில் பார்த்தால், பின்தங்கிய பல்லின் வெட்டு விளிம்புக்கும் அலைனருக்கும் இடையில் மெல்லிய காற்று இடைவெளி தெரியும். அது தெரிந்த பின்னும் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தில் அடுத்தடுத்த அலைனருக்குத் தாவினால், விசை திட்டமிடாத திசையில் விழத் தொடங்கும். நின்று, மருத்துவரிடம் காட்டி, தேவையானால் மறுபடி ஸ்கேன் செய்து புதிய அலைனர்கள் பெறுவதே வேருக்கும் எலும்புக்கும் நல்லது. சிலருக்குச் சிகிச்சையின் முடிவில் முன்பற்கள் மட்டும் சேர்ந்து, கடைவாய்ப் பற்கள் தொடாமல் நிற்கும். பல மாதங்கள் மேலும் கீழும் பிளாஸ்டிக் இருந்ததால் கடைவாய்ப் பற்கள் சற்று உள்ளே அமிழ்வது அதற்கு ஒரு காரணம். பல பேருக்கு அது சில மாதங்களில் தானாகப் படிந்துவிடும். முன்பற்களின் கடி அதிகமாக இடிப்பதால் வந்திருந்தால் படியாது, திருத்த வேண்டும்.

எலும்பு நலம் என்று வரும்போது அலைனரைக் காட்டிலும் அதைப் போடும் உடலைக் கவனிக்க வேண்டிய சிலர் இருக்கிறார்கள். ஈறு நோய் அடங்காமல் இருக்கும்போது பல்லை நகர்த்துவது, கிருமிகள் ஏற்கெனவே எலும்பை அரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் கூடுதல் அரிப்பைச் சேர்ப்பதாகும். முதலில் ஈறு சிகிச்சை, பின்னரே அலைனர். நோய் கட்டுக்குள் வந்தபின் குறைந்த எலும்பு உள்ளவருக்கும் மென்மையான விசையால் சீரமைப்புச் செய்ய முடியும். கழற்றித் துலக்க முடிவதால் அவருக்குக் கம்பியைவிட அலைனர் ஏற்றதாகவே இருக்கும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் எலும்பு ஆறும் வேகம் குறைவு. எலும்புத் தேய்வுக்காகவோ புற்றுநோய்க்காகவோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: அவை எலும்பரிக்கும் செல்களையே அடக்குவதால் பல் நகர்வு மந்தமாகும், பல் எடுக்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயமும் உண்டு. வலிக்காக இப்யூபுரோபென் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் எடுத்தால், எலும்பு மாற்றத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினே தடைபடும் என்பதால், தேவைப்படும் ஓரிரு நாட்களுக்குப் பாராசிட்டமால் போதும் என்றே பெரும்பாலும் அறிவுறுத்துகிறோம்.

கம்பி போட்டிருந்தால் பாதிப்பு குறைந்திருக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில்: இல்லை. ஒரே வேரை ஒரே இடத்துக்கு நகர்த்தினால் எலும்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேரை அதன் முழு நீளத்துக்கும் நிமிர்த்தவும் திருப்பவும் கம்பிக்குக் கூடுதல் பிடி உண்டு. ஈற்றின் சுத்தத்தில் அலைனருக்கு மேன்மை உண்டு. இரண்டையும்விடப் பெரிய வேறுபாடு, எக்ஸ்ரே பார்த்து, ஈற்றின் ஆழத்தை அளந்து, இடையிடையே வாயைத் திறந்து பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்பது. வீட்டுக்கே அலைனரை அனுப்பிய ஓர் அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

உங்கள் விஷயத்தில், அடுத்த முறை போகும்போது மூன்றைக் கேளுங்கள்: கீழ் முன்பற்கள் உதட்டுப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகரப்போகின்றன, அங்கே எலும்பும் ஈறும் எவ்வளவு இருக்கின்றன, ஆடும் பல் எதிர்ப்பல்லில் முன்னதாக இடிக்கிறதா. கடைசி அலைனரைக் கழற்றிய பின்னும் எலும்பின் வேலை முடிவதில்லை என்பதால், நகர்ந்த பற்களைப் புதிய இடத்திலேயே பிடித்து வைக்கும் ரீடெய்னரைப் பற்றியும் இப்போதே பேசிக்கொள்வது நல்லது. வேரைச் சுற்றிய நார்கள் புதிய இடத்துக்கு ஏற்பத் திரும்பக் கட்டமைய 3, 4 மாதங்கள் ஆகும். ஈற்றின் மேற்புற மீள்நார்கள் பழைய திசைக்கு இழுப்பதை நிறுத்த ஓராண்டுவரை பிடிக்கும், அதிலும் திருப்பப்பட்ட பற்களில் இந்த இழுப்பு அதிகம். எனவே தொடக்க மாதங்களில் முழுநேரமும், பிறகு பல்லாண்டுகளுக்கு இரவு நேரத்திலும் ரீடெய்னர் வேண்டும். சில நாள் விட்டுப்போய் மறுபடி போடும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால் தொடர்ந்து போடலாம்; உட்காரவில்லையென்றால் கடித்துத் திணிக்காமல், புதிதாக அளவெடுத்துச் செய்துகொள்ள வேண்டும்.